அக்கா, அருவிப் படம் வைக்கலாமா?

சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடி வெளியிடுகிறவர்கள், ஆல்பத்துக்கு என்ன அட்டைப்படம் போடுவது என்று கேட்டு அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர் தண்டையார்பேட்டையில் இருக்கும் வடிவமைப்பாளர். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடையில் டிடிபி வேலையில் தொடங்கியவர். இப்போது இசைக்காரர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார்.

நான் எண்ணூர் பக்கம் குப்பத்துப் பையன். ஆறு பாட்டு பண்ணியிருக்கேன். எல்லாமே எங்க ஆறு, கடல், எங்க ஆயா பத்தினது. அட்டை இயற்கை சம்பந்தமா இருக்கணும்னு சொன்னதும் ஃப்ரெண்டு ஒருத்தன் அருவி கொட்டுற படம் அனுப்பினான். சுத்திப் பச்சை மலை. செமயா இருக்கு. அதையே வைக்கலாமா அக்கா?
– வாசகர், எண்ணூர்

வைக்காதே தம்பி. அருவி அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் எண்ணூரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கிடையாது. ஆயாவைப் பற்றிய பாட்டைக் கேட்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது ஆயா பார்த்தே இராத ஒரு மலையாக இருந்தால், பாட்டு ஒரு பக்கம் போகும், படம் ஒரு பக்கம் போகும்.

தொல்காப்பியத்தில் ஒரு நிலத்தின் கருப்பொருள்கள் இவை என்று ஒரு பட்டியல் வரும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாம் இருக்கும். அதே வரிசையில் பறையும் யாழும் இருக்கும். மரத்தைப் போல, மீனைப் போல இசையும் அந்த நிலத்தில் விளைந்தது என்றுதான் அவர்கள் கணக்கு. யார் வந்தாலும் பாட்டைக் கேட்டுவிட்டு இந்தப் பட்டியலை நிரப்பித் தரச் சொல்வேன். உன் பாட்டில் என்ன மீன் வருகிறது? எந்த மாதத்துக் காற்று? ஆயா ஆற்றில் இறங்கி இறால் தடவியது விடியற்காலையிலா, பொழுது சாயும்போதா? இதற்கெல்லாம் பதில் எழுதினால் பாதி அட்டை முடிந்தது.

உங்கள் ஊர் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம். அங்கே நிற்கிற மரம் அலையாத்தி. உப்புச் சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் அதன் வேர்கள் சேற்றைக் குத்திக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்கும். விரல் தடிமனில், நூற்றுக்கணக்கில், எல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கும். குடித்த தண்ணீரில் இருக்கும் உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடும். காலை வெயிலில் இலையைச் சாய்த்துப் பார்த்தால் பொடிப்பொடியாக மின்னுவது அந்த உப்புதான். வேறு ஊர் என்றால் நாக்கில் வைத்துப் பார் என்பேன். எண்ணூரில் வேண்டாம்.

சரி, புகைபோக்கியை என்ன செய்வது? நீ கேட்கவில்லை, ஆனால் அங்கே கேமராவைத் தூக்கினால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி ஏதாவது ஒரு மூலையில் வந்து நிற்கும். ஃபோட்டோஷாப்பில் அதை அழித்துவிட்டு மிச்சத்தை இயற்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதற்காக அதையே நடுவில் நிறுத்தினால் போராட்டப் போஸ்டர் ஆகிவிடும். ஆறு பாட்டும் அதைப் பற்றியதா? ஆயா பாட்டை என்ன செய்வாய்?

எனக்குத் தோன்றுவது இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து ஆறு முழுக்கப் பரவியது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூழைக்கடாப் பறவைகள் இறகெல்லாம் கறுப்பாகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பாய். அப்போது அலையாத்தித் தண்டுகளில் எண்ணெய் எந்த உயரத்துக்கு ஏறி நின்றதோ அந்த உயரத்தில் கறுப்பாகக் கோடு விழுந்தது. அந்தக் கறை ஒட்டியிருக்கும் தண்டு ஒன்று இன்னும் கிடைக்கிறதா என்று தேடிப் பார். கிடைத்தால், முழங்கால் உயரத்துக்குக் குனிந்து எடு. கீழே வேர்கள், சேற்றின் சாம்பல் நிறம், மேலே இலையின் மங்கல் பச்சை, நடுவே கோடு. ஆல்பத்தின் பெயரை அந்தக் கோட்டின் மேல் சின்னதாக வை. கடல் வேண்டாம், படகு வேண்டாம், சூரிய உதயம் வேண்டவே வேண்டாம். கறைத் தண்டு கிடைக்கவில்லை என்றால் கடல் தண்ணீரின் ஏற்றமும் வற்றமும் விட்டுப் போன சேற்றுக்கோடு எல்லா மரத்திலும் இருக்கும். அதுவும் நல்ல படம்தான், கதை மட்டும் வேறு.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் நன்றாக இறங்கும், வேர் முழுசாகத் தெரியும். எந்த நேரம் என்று உன் வீட்டுப் பெரியவர்களைக் கேள், என்னைவிட அவர்களுக்குத் தெரியும்.

மூர் மார்க்கெட்டில் ரெக்கார்டு பொறுக்கிய தலைமுறை நான். 78 ஆர்.பி.எம். தட்டு வெறும் பழுப்புக் காகித உறையில் வரும். நடுவில் ஓட்டை; அதன் வழியாக லேபிளைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் பாட்டு பிடிக்காமலா போயிற்று? இந்த அட்டைப்படத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பாதி உங்கள் கட்சிதான் ஐயா. பாட்டு மட்டமாக இருந்தால் நான் என்ன வரைந்தும் பிரயோஜனம் இல்லை. ஆனால் அப்போது நீங்கள் ரேடியோவில் கேட்டுவிட்டுத் தேடிப் போனீர்கள், கடைக்காரர் ஊசியை வைத்து ஒரு தடவை போட்டும் காட்டியிருப்பார். இப்போது எங்கள் தம்பிகளின் பாட்டை அப்படிப் போட்டுக் காட்ட ஆள் இல்லை. விரல் மேலே தள்ளிக்கொண்டே போகிறது. அட்டையைப் பார்த்து நின்றால்தான் உண்டு.

அந்தப் பழுப்பு உறையைப் பார்த்து எரிச்சல்பட்டவர் ஒருவர் இருந்தார். அலெக்ஸ் ஸ்டெய்ன்வைஸ். 1939-ல் அமெரிக்காவின் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். உறையில் படம் போட்டு விற்றுப் பார்க்கலாம் என்று முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார். விற்பனை ஏறியது. 1948-ல் அதே கம்பெனி நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபோது 12 அங்குலச் சதுரம் ஓவியர்களுக்குக் கிடைத்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்ததற்கு முன்னால் நீங்கள் அங்கே எல்.பி.யும் வாங்கியிருந்தால், ஒன்றிரண்டு அட்டைக்காகவே வாங்கியது என்று மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அக்கா, நான் கானா பாடுறேன். மரண கானாவும் லவ் கானாவும் கலந்து ஆல்பம். கூட இருக்கிறவன் ‘இயற்கையா ஏதாவது வை’ங்கிறான். கானாவுக்கும் இயற்கைக்கும் என்ன சம்பந்தம்? என் மூஞ்சியை வெச்சா போதாதா?
– வாசகர், வியாசர்பாடி

மூஞ்சியை வைக்கலாம், தாராளமாக. ஆனால் சம்பந்தம் இல்லை என்று சொல்லாதே.

நீ பாடப் போகிற வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரைக்கும் என்ன கிடக்கிறது? சாமந்தியும் ரோஜா இதழும். ஊர்வலம் போன பிறகு அரை மணி கழித்து அந்தத் தெருவில் நடந்து பார். ஆட்டோ டயர் ஏறி, மஞ்சள் தாரில் அரைபட்டு, நார் நாராக ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தில் இருப்பது மட்டும் முழுப் பூவாக இருக்கும். நேர் மேலிருந்து, குனிந்து, சாயங்கால வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடு. கறுப்புத் தார், மஞ்சள் கறை, வேறு எதுவும் வேண்டாம். லவ் கானாவுக்கும் அதே பூதானே?

இன்னொரு வழி உன் கையிலேயே இருக்கிறது. டோலக்கு என்பது மரமும் ஆட்டுத் தோலும். அதைச் சன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பி, கிட்டே போய்ப் பார். மயிர்க்கால் புள்ளிகள் தெரியும். உன் விரல் விழுந்து விழுந்து மெருகேறிய இடம் தனியாகத் தெரியும். அது உன் டோலக்கில் மட்டும்தான் அந்த வடிவத்தில் இருக்கும். மூஞ்சியைப் பின் அட்டைக்குத் தள்ளு.

என்னிடம் நல்ல கேமரா இல்லை. வரையவும் வராது. தங்கை பாடிய பாடல்களுக்கு நானே அட்டை செய்ய ஆசை. செடி, கொடி, கடல் என்று ஏதாவது வேண்டும். வழி உண்டா?
– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

உண்டு, இரண்டு.

ஒன்று ஸ்கேனர். ஜெராக்ஸ் கடையில் இருக்கும் தட்டை ஸ்கேனரே போதும். கடற்கரை மணலில் படர்கிற அடப்பங்கொடியின் இலையைப் பார்த்திருப்பாய், நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பு வடிவத்தில் இருக்கும். அதைக் கொடியோடு கொண்டுபோய்க் கண்ணாடி மேல் வை. கண்ணாடி ஈரமாகாமல் இருக்கக் கீழே ஒரு ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) போட்டுக்கொள், இல்லாவிட்டால் கடைக்காரர் அடுத்த தடவை உள்ளே விடமாட்டார். மூடியைத் திறந்தே வைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்தி, 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய். 5 அங்குலத்துக்கு 5 அங்குலம் எடுத்தாலே 3000 பிக்சலுக்கு 3000 பிக்சல் வந்துவிடும். ஆன்லைனில் வெளியிட அந்த அளவு போதும். கேமராவில் வராத நரம்பெல்லாம் இதில் வரும்.

இன்னொன்றுக்குப் பொறுமை வேண்டும், ஆனால் மொட்டைமாடியும் வெயிலும் இருக்கிற ஊர்க்காரர்களுக்காகவே செய்த மாதிரி ஒரு முறை: சயனோடைப், அதாவது வெயில் பட்டுத் தாளில் நீலமாகப் படம் பதிவது. ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1842-ல் கண்டுபிடித்தது. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகமாகக் கொண்டுவரத் தொடங்கினார். புகைப்பட முறையில் படம் போட்ட முதல் புத்தகம் அதுதான் என்பார்கள். கேமரா அதிலும் கிடையாது.

ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்று இரண்டு உப்புகள். பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் விசாரித்துப் பார். தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, பூசுவதற்கு முன் சம அளவில் கலந்து, கெட்டியான ஓவியத் தாளில் வெயில் படாத அறையில் பூச வேண்டும். கையுறை போட்டுக்கொள், சமையல் பாத்திரத்தைத் தொடாதே. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஃபேன் போட்டாலும் காய நேரமாகும். அவசரப்பட்டு ஈரத்தோடு எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடாதே, நீலம் திட்டுத் திட்டாக வரும். காய்ந்த தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதன் மேல் கொடியையோ, கடலோரக் கல்லில் படிந்திருக்கும் பச்சைப் பாசியையோ பரப்பி, மேலே கண்ணாடி வைத்து வெயிலில் காட்டு. திறந்திருக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் பூத்துப் போகும். அப்புறம் தண்ணீரில் மஞ்சள் போகும்வரை அலசு. இலை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும், சுற்றி நீலம். ஒரு நாள் காய்ந்தால் அந்த நீலம் இன்னும் கறுக்கும்.

பாசிதான் எனக்குப் பிடித்தது. திருவொற்றியூரில் மணல் போய்க் கடலோரம் முழுக்கப் பாறாங்கல் கொட்டியாகிவிட்டது. அந்தக் கல்லின் மேல் ஏறி வளர்கிற பாசி தங்கையின் பாட்டுக்கு அட்டையாக வந்தால், அது உங்கள் தெருக்கோடியில் எடுத்த படம். கல் வழுக்கும், செருப்பைக் கழற்றாதே. அலை அடிக்கிற நாளில் கிட்டே போகாதே.

டிசைன் பெருசா பார்த்தா சூப்பர். போன்ல லிஸ்ட்ல வந்தா ஒண்ணுமே தெரியலை. ஏன்?
– வாசகர், கொடுங்கையூர்

அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மரம், மலை, மயில், நிலா, உங்கள் படம், உங்கள் குழுவில் ஏழு பேர் பாஸ்போர்ட் அளவில் கீழே வரிசையாக, ‘நன்றி அண்ணன்’, ஒரு போன் நம்பர். இது அட்டை இல்லை, மஞ்சள் நீராட்டு விழா பேனர்.

பாட்டு ஆப்களில் உங்கள் படம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் பெரும்பாலும் தெரியும். அதனால் நான் 3000 பிக்சலில் செய்தாலும் நகம் அளவுக்குச் சுருக்கி, போனை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்த அளவில் ஒரு உருவம், இரண்டு நிறம், அவ்வளவுதான் நிற்கும். மயிலா நிலாவா, ஒன்றைச் சொல்லுங்கள். இன்னொன்று, போன் நம்பர், இணைய முகவரி, விலை இதெல்லாம் அட்டையில் இருந்தால் பாட்டை ஏற்றுகிற தளங்கள் திருப்பி அனுப்பிவிடும். ஏழு பேரும் கோபித்துக்கொள்வார்கள் என்றால் தனியாக ஒரு போஸ்டர் அடித்துவிடலாம்.

எல்.பி. போட எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். 12 அங்குலத்தை 300 டிபிஐ-யில் அச்சடிக்க 3600 பிக்சலுக்குக் குறையாமல் வேண்டும். திரையில் பளிச்சிடுகிற இலைப்பச்சையும் கடல்நீலமும் நான்கு வண்ண அச்சில் மங்கித்தான் வரும். மாதிரித் தாள் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

ஆல்பம் பேரில் ‘கொ’ வருது. ஃபோட்டோஷாப்ல அடிச்சா கொம்பும் காலும் கழண்டு தனித்தனியா நிக்குது. இங்கிலீஷ்லயே போட்டுடலாமா?
– வாசகர், பெரம்பூர்

அதற்குள் சரணடைந்தால் எப்படி? பழைய ஃபோட்டோஷாப் என்றால் அமைப்புகளில் ‘டைப்’ பகுதிக்குப் போய் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புதிய கோப்பில் அடித்துப் பாருங்கள், கொம்பு இடத்துக்கு வந்துவிடும். பத்திரிகைக் கடையில் நாங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவை வைத்து ஓட்டிய காலம் வேறு. இப்போது கேட்டமரான், பவனம், மீரா இனிமை, கவிவனார் என்று யூனிகோடு எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால் செடி, கடல் என்று போகும் அட்டைக்கு எழுத்துருவே வேண்டாம் என்பேன். காசிமேட்டில் படகுக்குப் பெயர் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனாமல் பெயின்ட்டில், ஒரே இழுப்பில், நிழல் வைத்து எழுதுவார்கள். அவர்கள் கொம்பு வளைக்கிற விதமே தனி. ஒரு பலகையில் எழுதச் சொல்லி, அதைப் படம் எடுத்து அட்டையில் வையுங்கள். கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

பழவேற்காடு பற்றி ஒரு பாட்டு. அட்டையில் பூநாரை வேண்டும். ஏஐ-யில் கேட்டால் நிமிஷத்தில் தந்துவிடுகிறது. பிறகு எதற்கு வடிவமைப்பாளர்?
– வாசகர், மீஞ்சூர்

தந்த படத்தை நீங்களே இணைத்திருக்கிறீர்கள், நன்றி. பறவை உச்சி முதல் கால் வரை ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கிறது. பழவேற்காட்டுக்குப் பனிக்காலத்தில் வருகிற பெரிய பூநாரை அப்படி இருக்காது. நிற்கும்போது பெரும்பாலும் வெள்ளைதான். சிறகு விரித்தால்தான் சிவப்பும் கறுப்பும் வெளியே வரும். உங்கள் படத்தில் அது அன்னப்பறவை போலக் கழுத்தை வளைத்து ஏரியை ரசிக்கிறது. நிஜத்தில் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, வளைந்த அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே நடக்கும். பின்னால் மலை வேறு வந்திருக்கிறது, எண்ணூர்த் தம்பிக்குச் சொன்னதை இங்கே திரும்பச் சொல்லவில்லை.

மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு பக்கம். ஜனவரியில் ஒரு காலை போய்ப் பாருங்கள். தலை தண்ணீருக்குள் இருக்க, வெள்ளை உடம்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும். அதை அப்படியே வெட்டி ஒட்டினாலே அட்டை. பறவை பறக்கட்டும் என்று படகை மட்டும் கிட்டே விடச் சொல்லாதீர்கள்.

என் ஆல்பத்துக்கு ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஆலமரம் ஓவியம் வரைந்து தந்தார். இப்போது டி-ஷர்ட்டில் அதைப் போட்டால் ‘படம் என்னுடையது’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், மணலி

எழுதி வைத்துக்கொண்டீர்களா? இல்லை என்று தெரிகிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையப்பட்ட ஓவியமோ எடுக்கப்பட்ட புகைப்படமோ, மாறாக ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், வரையவோ எடுக்கவோ சொன்னவருக்கே முதல் உரிமை. அந்த வகையில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நண்பர் சும்மா கொடுத்த படம் என்றால் கதை மாறும். அப்போது உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு வாங்க வேண்டும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வழக்கு என்று போவதாக இருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

நான் படம் வரைகிற கட்சி என்பதால் ஒன்று சொல்கிறேன்: சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், டி-ஷர்ட் விற்றால் அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள், அட்டையில் அவர் பெயரைப் போடுங்கள். அடுத்த ஆல்பத்துக்கும் யாராவது வரைய வேண்டுமே.

ஒரு அட்டைக்கு எவ்வளவு வாங்குவீங்க அக்கா?
– பெயர் வேண்டாம், புளியந்தோப்பு

பாட்டை அனுப்பு. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.